தாளின் மூலையில் ஒரு பெயர்

பல ஆண்டுகளுக்கு முன்பு, ஏழு வயதாக இருந்த என் மகளைச் சிறுநீரகக் கோளாறு காரணமாக ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் சேர்க்க நேர்ந்தது. 19 நாள்கள் அங்கே இருந்தோம். மருத்துவர்கள் திறமையானவர்கள், செவிலியர் அன்பானவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. ஆயினும், பணி மாறும் வேளையில் ஒரு செவிலியர் அடுத்தவரிடம் விவரங்களை ஒப்படைக்கும்போது என் மகளைப் படுக்கை எண்ணால்தான் குறிப்பிடுவார். 14-க்கு எத்தனை மில்லி சிறுநீர் பிரிந்தது, 14-க்கு உப்பில்லாத உணவு வந்துவிட்டதா என்றே பேச்சு நடக்கும். மூன்றாம் நாளிலிருந்து நானும் அப்படியே பேசத் தொடங்கிவிட்டேன்.

அந்நாள்களில் என் தங்கை அவளுக்கு ஒரு வரைதாள் ஏடும் மெழுகு வண்ணக் குச்சிகளும் வாங்கி வந்தாள். ஒரு பிற்பகலில் மகள் படம் ஒன்று வரைந்தாள். தாள் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு கட்டில். அதன் ஓரத்தில் கடுகளவாக ஒரு சிறுமி. மேலே ஒரு சன்னல், முழுவதும் கறுப்பு. வானம் நீலமாக அல்லவா இருக்கும், கட்டில் இவ்வளவு பெரிதாகவா இருக்கிறது என்று நான் கேட்டேன். அக்கறையோடுதான் கேட்டேன். அவள் மறுபேச்சின்றிக் கறுப்பின்மேல் நீலத்தைத் தீட்டினாள். சன்னல் சேற்று நிறமாயிற்று. அந்தத் தாளைக் கிழித்து என் கையில் கொடுத்து, இது அப்பாவுடைய படம் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வீடு திரும்பும் வரை அந்த வண்ணக் குச்சிகளை அவள் மறுபடி தொடவில்லை. களைத்துப் போயிருக்கிறாள் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

அன்று நான் செய்தது என்ன என்பது, நெடுநாள் கழித்து ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியரின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. அடைபட்ட இடத்தில் இருக்கும் குழந்தைக்குக் கலை என்ன செய்யும், பெரியவர்கள் அதில் எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்த வாழ்க்கையைவிடத் தெளிவான விடையை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவர் மறைந்து 80 ஆண்டுகளுக்கு மேலாகிறது. குழந்தைகளின் மனநலத்தைக் கலை வழியே பேணுவோரிடையே உலகெங்கும் அறியப்பட்ட பெயர் அது. நம் செய்தித்தாள்களில் அதிகம் எழுதப்படாத பெயர் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஃபிரீடல் 1898 ஜூலை 30 அன்று வியன்னாவில் ஓர் எளிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். நான்கு வயதில் தாயை இழந்தார். தந்தை எழுதுபொருள் கடை ஒன்றில் விற்பனையாளர். தாயில்லாத சிறுமிக்கு அந்தக் கடையிலிருந்து கிடைத்த தாளும் பென்சிலும் களிமண்ணும்தான் விளையாட்டுத் தோழர்கள். பின்னாளில், எல்லாவற்றையும் இழந்த குழந்தைகளுக்கு இடையே அவர் எதைக் கொண்டு போய் வைத்தார் என்பதை அறியும்போது, இந்தத் தொடக்கம் தனிப் பொருள் பெறுகிறது.

இளம்பெண்ணாக அவர் முதலில் ஒளிப்படக் கலை பயின்றார். பிறகு வியன்னாவின் கலைத்தொழில் பள்ளியில் ஃபிரான்ஸ் சிசெக்கிடம் படித்தார். குழந்தைகள் வரைவது பெரியவர்களின் ஓவியத்தின் குறைப்பதிப்பு என்று உலகம் கருதிய காலத்தில், அது தனக்கென ஒழுங்கு கொண்ட தனிக்கலை என்று கண்டு, குழந்தைகளைத் திருத்தாமல் வரையவிட்ட ஆசிரியர் சிசெக். அடுத்து யோஹான்னஸ் இட்டன் என்ற சுவிட்சர்லாந்து ஓவியரின் தனிப்பள்ளியில் சேர்ந்தார். வரையத் தொடங்குமுன் மூச்சைச் சீராக்க வேண்டும், உடலை அசைத்துத் தளர்த்த வேண்டும், ஒரு கோடு என்பது கையின் தாளத்திலிருந்து பிறக்க வேண்டும் என்று கற்பித்தவர் இட்டன். வால்டர் குரோப்பியஸ் 1919-இல் ஜெர்மனியின் வைமர் நகரில் பௌஹவுஸ் கலைப்பள்ளியைத் தொடங்கி இட்டனை அழைத்தபோது, உடன் சென்ற மாணவர்களில் ஃபிரீடலும் ஒருவர். 1923 வரை அங்கே இருந்தார். பால் கிளேயிடமும் கற்றார்.

வியன்னா திரும்பிய அவர், நண்பர் ஃபிரான்ஸ் சிங்கருடன் இணைந்து ஒரு கட்டட, உள்ளலங்காரப் பணிமனையை நடத்தினார். மடித்து வைக்கவும் ஒன்றினுள் ஒன்று அடுக்கவும் கூடிய நாற்காலிகள், பகலில் கூடமாகவும் இரவில் படுக்கையறையாகவும் மாறும் அறைகள் என இடநெருக்கடியில் வாழும் மக்களுக்கான வடிவமைப்புகள் அவர்களுடையவை. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வியன்னா நகராட்சியின் குடியிருப்பு ஒன்றில் மாண்டிசோரி மழலையர் பள்ளி ஒன்றையும் அவர்கள் வடிவமைத்தனர். குறுகிய இடத்திலும் ஒரு குழந்தைக்குத் தனக்கே உரிய ஒரு மூலை வேண்டும் என்பது அவர் அப்போதே கவலைப்பட்ட பொருள். அந்த ஆண்டுகளில் மழலையர் பள்ளி ஆசிரியைகளுக்கு ஓவியப் பயிற்சி அளிக்கும் பணியும் அவரிடம் வந்தது.

ஐரோப்பாவில் நாஜிகள் தலையெடுத்த காலம். ஃபிரீடல் பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்து பாசிச எதிர்ப்புச் சுவரொட்டிகள் செய்தார். 1934-இல் கைது செய்யப்பட்டு விசாரிக்கப்பட்டார். அந்த விசாரணை அறையைப் பின்னர் ஓவியமாக வரைந்தார். தம்மை அச்சுறுத்திய ஓர் அனுபவத்தைத் தாளின்மேல் இறக்கி வைத்தால், அதைத் தொலைவில் நின்று பார்க்க முடியும் என்பதை அவர் முதலில் தம்மிடமே சோதித்து அறிந்தார் என்று கொள்ளலாம். விடுதலையானதும் பிராக் நகருக்குப் பெயர்ந்தார்.

பிராகில் அவர் ஓவியம் கற்பித்தவர்களில் பலர் ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் தப்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள். வீட்டையும் பள்ளியையும் தோழர்களையும் ஒரே நாளில் விட்டு வந்தவர்கள். அவர்களுக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. சொல்லும் மொழி இல்லை. வியன்னாவிலிருந்தே அவரிடம் படித்து வந்த ஈடித் கிராமர் என்ற இளம்பெண் இந்த வகுப்புகளில் உதவியாக இருந்தார். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அவரிடம் பிறகு வருகிறேன்.

1936-இல் ஃபிரீடல் தம் உறவினரான பாவெல் பிராண்டைஸை மணந்தார். குழந்தைப்பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1938-இல் இருவரும் ஹ்ரோனோவ் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். ஃபிரீடல் அங்கு ஒரு நெசவாலைக்குத் துணி வடிவமைப்புகள் செய்தார். பாலஸ்தீனம் செல்ல அவருக்கு நுழைவுரிமை கிடைத்தது, கணவருக்குக் கிடைக்கவில்லை. அவர் போகவில்லை. யூதர்கள்மீதான தடைகள் ஒவ்வொன்றாக இறுகின. 1942 டிசம்பரில், தெரெசின் என்ற நகருக்குப் புறப்படுமாறு ஆணை வந்தது.

தெரெசின் 18-ஆம் நூற்றாண்டின் கோட்டை நகர். படைவீரர்களும் குடிமக்களுமாகச் சுமார் 7,000 பேர் வாழ்ந்த இடம். நாஜிகள் அதை யூதர்களை அடைத்து வைக்கும் முகாமாக மாற்றினர். 1942 இலையுதிர் காலத்தில் அதே மதில்களுக்குள் 58,000-க்கும் மேற்பட்டோர் திணிக்கப்பட்டிருந்தனர். கிழக்கே உள்ள கொலைமுகாம்களுக்கு அனுப்பப்படும் வரையான இடைத்தங்கல் அது. பசியாலும் நோயாலும் அங்கேயே இறந்தவர்கள் மட்டும் 33,000 பேர். குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டுத் தனி விடுதிகளில் வைக்கப்பட்டனர். ஓர் அறையில் மூன்றடுக்குக் கட்டில்களில் இருபது முப்பது பேர். செங்காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் குடற்காய்ச்சலும் மாறி மாறி வந்தன. கைதிகள் பெயரைவிட எண்ணால் அறியப்பட்டார்கள்; ஒவ்வொருவருக்கும் வண்டித்தொகுதியின் எழுத்தும் வரிசை எண்ணும் உண்டு.

ஆளுக்கு 50 கிலோ மூட்டை கொண்டு செல்லலாம் என்பது விதி. எதை எடுப்பது, எதை விடுவது என்று எல்லாக் குடும்பங்களும் உணவையும் கம்பளியையும் எடைபோட்டுக் கொண்டிருந்தபோது, ஃபிரீடல் தம் எடையின் பெரும்பங்கைத் தாளுக்கும் வண்ணங்களுக்கும் கொடுத்தார். படுக்கை விரிப்புகளைக்கூடச் சாயமேற்றி எடுத்துக்கொண்டார், குழந்தைகள் நாடகம் போட்டால் திரைச்சீலையாக உதவும் என்பதற்காக. டிசம்பர் 17 அன்று அவர் தெரெசினுக்குள் நுழைந்தார்.

அங்கே குழந்தைகளுக்கு முறையான கல்வி தடை செய்யப்பட்டிருந்தது. பாடுவதும் வரைவதும் கைவேலையும் கண்டுகொள்ளாமல் விடப்பட்டன. எல் 410 என்று எண்ணிடப்பட்ட சிறுமியர் விடுதியில் ஃபிரீடல் தங்கி, அங்கும் பிற விடுதிகளிலும் வகுப்பு நடத்தலானார். கையிருப்புத் தாள் தீர்ந்ததும் அலுவலகப் படிவங்களின் பின்பக்கம், பொதி சுற்றிய தாள் எனக் கிடைத்ததெல்லாம் வரைதாளாயிற்று. வண்ணம் இல்லாதபோது வண்ணத் தாள்களைக் கிழித்து ஒட்டச் செய்தார்.

அவருடைய வகுப்பு எப்படி நடந்தது என்பதை, உயிர் பிழைத்த மாணவியர் பலர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். முதலில் இட்டனிடம் தாம் கற்ற மூச்சுப் பயிற்சியும் கையசைவுப் பயிற்சியும். இறுகிப்போயிருந்த தோள்களும் விரல்களும் அதில் தளரும். பிறகு ஒரு கதை சொல்வார். கதையில் வரும் பொருள்களை விரைவாகத் தாளில் பிடிக்க வேண்டும். சில நாள்களில் ஒரு குவளையும் ஒரு மலரும் மேசைமேல் இருக்கும். அவற்றை உற்றுப் பார்த்து வரைய வேண்டும். சில நாள்களில் வெர்மீர் போன்ற பழைய மேதைகளின் ஓவியங்களை அச்சில் காட்டி, அதன் ஒளியையும் நிழலையும் கிழித்த தாள்களால் மீண்டும் அமைக்கச் சொல்வார். சில நாள்களில் எதுவும் சொல்ல மாட்டார். விரும்பியதை வரையலாம்.

இரண்டு செய்திகளில் அவர் உறுதியாக இருந்தார். ஒன்று, ஒரு குழந்தையின் படத்தைப் பெரியவர் திருத்தக் கூடாது. குழந்தையிடம் நம்முடைய அழகுணர்ச்சியை அவசரமாகத் திணித்தால், அது தன் பார்வையை நம்புவதை நிறுத்திவிடும் என்று அவர் கருதினார். மற்றொன்று, படம் முடிந்ததும் ஒவ்வொருவரும் அதில் தம் பெயரை எழுத வேண்டும். எண்ணை அன்று, பெயரை. முகாமின் பதிவேடுகள் ஒரு சிறுமியை எழுத்தும் இலக்கமுமாகச் சுருக்கியிருந்தபோது, வாரத்துக்கு ஒருமுறையேனும் அவள் தன் கையால் தன் பெயரை எழுதினாள். இது என்னுடையது, இதைச் செய்தவள் நான் என்று அறிவிக்க அவளுக்கு அந்தத் தாளின் மூலையைத் தவிர வேறிடம் இருக்கவில்லை.

1943 ஜூலையில் ஒரு விடுதியின் நிலவறையில் குழந்தைகளின் ஓவியங்களைக் கண்காட்சியாக வைத்து, முகாமின் ஆசிரியர்கள் முன்னிலையில் குழந்தை ஓவியம் பற்றி ஃபிரீடல் ஓர் உரை நிகழ்த்தினார். அதன் எழுத்து வடிவம் இன்றும் உள்ளது. எல்லாக் குழந்தைகளையும் ஓவியர்களாக்குவது தம் வகுப்பின் நோக்கமில்லை என்பதை அவர் அதில் தெளிவாக்குகிறார். குழந்தையின் படைப்பாற்றலை விடுவிப்பது, கற்பனையை எழுப்புவது, கூர்ந்து பார்க்கும் திறனை வளர்ப்பது, தானே முடிவெடுக்கும் துணிவைத் தருவது ஆகியவையே அவர் நாடிய பயன்கள். இதை அவர் எந்த இடத்தில் நின்று பேசினார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். நாளை உண்பதையும் உறங்குவதையும்கூடத் தாமாக முடிவு செய்ய இயலாத குழந்தைகள் அவர்கள். அந்த ஒரு மணி நேரத்தில், மரம் சிவப்பா பச்சையா என்பதையாவது அவர்கள் முடிவு செய்தார்கள்.

அந்தப் படங்களைப் பார்ப்பவர்கள் பலரும் ஓர் ஏமாற்றத்தையோ வியப்பையோ அடைவதுண்டு. கொடுமையின் காட்சிகளை எதிர்பார்த்துச் செல்கிறோம். சில படங்களில் அவை உண்டு: அடுக்குக் கட்டில்கள், உணவுக்கு நிற்கும் வரிசை, காவலர்கள். ஆனால் மிகப் பலவற்றில் இருப்பவை வீடுகள், உணவு பரப்பிய மேசைகள், புல்வெளிகள், பூச்சாடிகள், வண்ணத்துப்பூச்சிகள். குழந்தைகள் தம் துயரத்தை மறைத்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. வீட்டை வரைந்த சிறுமி, தனக்கு வீடு வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். நாம் எதிர்பார்த்த சொல்லில் அவள் சொல்லவில்லை, அவ்வளவுதான். குழந்தையின் உணர்ச்சியைக் கலை வெளிக்கொணரும் என்று சொல்லும்போது, அது நமக்குச் சான்றாக வேண்டும் என்ற ஆசையும் நமக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த ஆசைக்கு ஃபிரீடல் இடம் கொடுக்கவில்லை.

அதே முகாமில் வண்ணத்துக்கு வேறொரு பயனும் இருந்தது. 1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கக் குழு பார்வையிட வந்தது. அதற்காக நாஜிகள் தெருவோரக் கட்டடங்களுக்கு வண்ணம் பூசி, பூச்செடிகள் நட்டார்கள். நெரிசல் தெரியக் கூடாது என்பதற்காக மே மாதத்தில் 7,500 பேரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். வந்தவர்கள் சுவரின் வண்ணத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். குழந்தைகளின் தாள்களிலிருந்த வண்ணத்தை அவர்கள் பார்த்திருந்தால் என்ன புரிந்துகொண்டிருப்பார்கள் என்று நான் எண்ணுவதுண்டு.

அந்த ஆண்டு செப்டம்பர் 28 அன்று பாவெல் தெரெசினிலிருந்து அனுப்பப்பட்டார். கணவரைப் பின்தொடர எண்ணி, அடுத்துச் செல்லும் வண்டிகளில் ஒன்றில் தம்மையும் சேர்க்குமாறு ஃபிரீடல் தாமே முன்வந்தார். புறப்படுமுன் குழந்தைகளின் ஓவியங்களை இரண்டு பெட்டிகளில் அடுக்கி, விடுதியில் பாதுகாப்பாக வைக்கச் செய்தார். அக்டோபர் 6 அன்று வண்டி புறப்பட்டது. அவருடைய மாணவியர் சிலரும் அதே வண்டியில் இருந்தனர். 1944 அக்டோபர் 9 அன்று ஆஷ்விட்ஸ்-பிர்கனாவில் அவர் கொல்லப்பட்டார். வயது 46. பாவெல் உயிர் பிழைத்தார்.

போர் முடிந்த 1945-ஆம் ஆண்டில், சிறுமியர் விடுதியின் கடைசிப் பொறுப்பாளராக இருந்த வில்லி குரோக், அந்த இரு பெட்டிகளையும் பிராக் நகரின் யூதச் சமூகத்தாரிடம் கொண்டு வந்து சேர்த்தார். அவற்றுள் சுமார் 4,500 ஓவியங்கள் இருந்தன. இன்று அவை பிராக் யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒரு பகுதி பிங்கஸ் வழிபாட்டுக் கூடத்தின் மாடியில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. வரைந்த குழந்தைகளில் பெரும்பாலோர் போரைத் தாண்டவில்லை. ஆனால் தாளின் மூலையில் பெயர் எழுதியிருந்ததால், ஒவ்வொரு படத்தையும் பதிவேடுகளோடு ஒப்பிட்டு, அது யாருடையது, அந்தக் குழந்தை எங்கே பிறந்தது, என்ன ஆயிற்று என்று கண்டறிய முடிந்தது. பல குழந்தைகள் இவ்வுலகில் விட்டுச் சென்ற ஒரே தடயம் அந்தத் தாள்தான்.

இனி ஈடித் கிராமரிடம் வருகிறேன். 1938-இல் அவர் நியூயார்க்குக்குத் தப்பிச் சென்றார். பிராகில் அகதிக் குழந்தைகளோடு ஃபிரீடல் செய்ததைப் பார்த்தவர் அவர். 1950-களில் வில்ட்விக் என்ற பள்ளியில், குடும்பச் சிதைவாலும் வன்முறையாலும் காயப்பட்ட சிறுவர்களோடு ஓவியத்தின் வழியே பணியாற்றினார். பிறகு ஜேகோபி மருத்துவமனையில் குழந்தைகளுக்கான மனநலப் பிரிவில் 13 ஆண்டுகள் பணிபுரிந்தார். குழந்தையின் படத்தை வைத்து நோயைக் கண்டுபிடிப்பதைவிட, படத்தை உருவாக்கும் செயலே குழந்தையைத் தேற்றுகிறது என்பது அவர் நிலைப்பாடு. சிகிச்சையாளருக்கு மூன்றாவது கை ஒன்று வேண்டும் என்றும் அவர் விளக்கினார். களிமண் சரியும்போது தாங்கவும், வண்ணம் தீரும்போது கலந்து கொடுக்கவும் நீளும் கை அது. குழந்தையின் படத்தில் தன் சாயல் விழாமல் பார்த்துக்கொள்ளும் கை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கான பட்ட வகுப்பை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர். 2014-இல், 97 வயதில் மறைந்தார். தம் ஆசிரியை ஃபிரீடலே என்பதை அவர் எப்போதும் சொல்லி வந்தார்.

கலைவழிச் சிகிச்சை என்ற பெயரை 1942-இல் வழங்கியவர் அட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர். காசநோய் மருத்துவமனையில் தாம் படுத்திருந்தபோது வரைந்து ஆறுதல் கண்டு, பிற நோயாளிகளுக்கும் அதைக் கற்றுக் கொடுத்தவர் அவர். அதே ஆண்டின் இறுதியில்தான் ஃபிரீடல் தம் 50 கிலோ மூட்டையோடு தெரெசினுக்குச் சென்றார். ஒருவரையொருவர் அறியாத இருவர், படுக்கையோடும் மதிலோடும் கட்டுண்ட மனிதருக்கு ஒரே மருந்தைத் தேடியிருக்கிறார்கள்.

மருத்துவமனையையும் வதைமுகாமையும் ஒப்பிடுவது இரண்டுக்கும் இழைக்கும் அநீதி. ஒன்று உயிரைக் காக்க எழுந்தது, மற்றது உயிரைப் பறிக்க. இதில் எனக்குக் குழப்பமில்லை. ஆயினும், கட்டிலில் கிடக்கும் ஏழு வயதுக் குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால் சில செய்திகள் பொதுவானவை. அது வீட்டைவிட்டு வந்திருக்கிறது. அதன் உடலைப் பிறர் தொடுகிறார்கள், குத்துகிறார்கள், அளக்கிறார்கள். எப்போது உண்பது, எப்போது ஊசி, எப்போது வீடு என எதிலும் அதற்குக் குரலில்லை. நல்ல பிள்ளை அழாது என்ற சொல்லை நாள்தோறும் கேட்கிறது. பெற்றோரின் முகத்தில் அச்சம் தெரிவதால், தன் அச்சத்தை அவர்களிடம் சொல்லாமல் மறைக்கவும் கற்றுக்கொள்கிறது. அந்தக் குழந்தைக்குத் தன் முடிவே செல்லுபடியாகும் ஒரு சதுர அடி நிலம் தேவைப்படுகிறது. வெற்றுத் தாளை அப்படியொரு நிலமாகக் கொடுக்கலாம்.

குழந்தைகள் பிரிவுகளின் சுவர்களில் இன்று கேலிச்சித்திரப் பாத்திரங்கள் வரையப்படுகின்றன. வரவேற்கத் தக்கதே. ஆனால் அவை பெரியவர்கள் வரைந்தவை. சில இடங்களில் கோட்டுருவம் அச்சிட்ட தாள்களைக் கொடுத்து, கோட்டைத் தாண்டாமல் வண்ணம் தீட்டச் சொல்கிறார்கள். பொழுது போகும், மறுப்பதற்கில்லை. எனினும், நாள் முழுவதும் கோட்டுக்குள் கிடக்கும் குழந்தைக்கு இன்னொரு கோடு எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

ஃபிரீடல் காட்டிய வழிக்குப் பெருஞ்செலவு ஆகாது. வெற்றுத் தாள், ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக வண்ணக் குச்சிகள். நோய்த்தொற்று அச்சமிருந்தால் அவற்றைக் குழந்தை வீடு திரும்பும்போது கொண்டு செல்லட்டும். வலக்கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தால், தாள் நழுவாதபடி ஓர் அட்டையில் ஒட்டிக் கொடுத்தால் இடக்கையால் வரையும். இடக்கைக் கோடு கோணலாக இருப்பதைப் பற்றிக் குழந்தைகள் கவலைப்படுவதில்லை. நாளில் ஒரு மணி நேரம், ஊசியோ பரிசோதனையோ அந்நேரத்தில் குறுக்கிடாது என்ற உறுதி. அருகில் பயிற்சி பெற்ற ஒருவர். அழகாக இருக்கிறது என்றுகூட அவர் அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். குழந்தை சொல்ல விரும்பினால் கேட்கட்டும். விரும்பாவிட்டால் வண்ணத்தை நகர்த்திக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கட்டும். இறுதியில் குழந்தை தாளில் தன் பெயரை எழுதட்டும். எழுதத் தெரியாத குழந்தை தனக்கென ஓர் அடையாளம் போடட்டும். அந்தத் தாளை யாரும் தூக்கி எறியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றில் கடினமானது எதுவென்றால், பேசாமல் இருப்பதுதான். நான் தோற்ற இடம் அது.

கலையால் நோய் தீரும் என்று நான் சொல்ல வரவில்லை. என் மகளைக் காப்பாற்றியவை மருந்துகளும் அவற்றைக் கொடுத்த கைகளும். ஃபிரீடலின் ஓவிய வகுப்பும் ஒரு குழந்தையைக்கூட அந்த வண்டிகளிலிருந்து காப்பாற்றவில்லை. அவர் அதை அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன். அறிந்தும், இருக்கும் நாள்களில் அந்தக் குழந்தைகள் யாருடைய எண்ணாகவும் இல்லாமல் தாமாக இருக்க வேண்டும் என்று பாடுபட்டார். பிழைக்கப் போகும் குழந்தைக்கும் அதே உரிமை உண்டு.

சென்ற ஆண்டு பழைய மருத்துவக் கோப்புகளை ஒழுங்குபடுத்தியபோது, அந்தப் படம் மருந்துச் சீட்டுகளுக்கு இடையே கிடைத்தது. மகள் இப்போது வேலைக்குச் செல்கிறாள். அவளிடம் படத்தைக் காட்டி, அந்தச் சன்னலை ஏன் கறுப்பாக வரைந்தாய் என்று கேட்டேன். இம்முறை திருத்துவதற்காகக் கேட்கவில்லை. அவள் சற்று யோசித்துவிட்டு, அது இரவு என்றாள். ஊசிக்குப் பயந்து இரவெல்லாம் விழித்துக் கிடந்ததாகவும், அருகே நாற்காலியில் நான் உறங்கிக்கொண்டிருந்ததாகவும், என்னை எழுப்ப மனம் வராமல் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னாள். அவள் வரைந்தது முற்றிலும் சரியான வானம். நான் உறங்கியதால் அதைப் பார்க்கவில்லை.

தாளின் மூலையில் அவள் பெயர் இல்லை. ஒரு பேனாவைக் கொடுத்து, இப்போதாவது எழுது என்றேன். அவள் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டாள். அந்தச் சன்னலில் நீலம் இருக்கிறது, ஆகவே அது இன்னமும் அப்பாவுடைய படம்தான் என்றாள். மூலை வெறுமையாகவே இருக்கிறது.